மைப்படி, ஒளிப்படம், உரிமை: பெங்களூரை மையமிட்ட கல்வெட்டுப் படிகளின் வரலாறு

முன்னுரை

பிறர் படைத்த கலைப்பொருளைப் படமெடுப்பவர்க்கு அப்படத்தின்மேல் எத்துணை உரிமை உண்டு, படைத்தவர்க்கு எத்துணை உரிமை எஞ்சுகிறது என்னும் வினா ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகியவற்றை முன்னிறுத்தியே பெரும்பாலும் பேசப்பட்டு வருகிறது. தமிழாய்வுத் துறையினர் மிகுதியாகப் படமெடுக்கும் பொருளாகிய கல்வெட்டு இவ்வுரையாடலுள் இடம்பெறுவதில்லை. கல்வெட்டைப் பொறித்த தச்சனும் பொறிக்கச் செய்த அரசனும் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டமையால் அங்கு உரிமைச் சிக்கலுக்கே இடமில்லை எனக் கருதுவது இயல்பு. ஆயின் ஆய்வேட்டில் ஒரு கல்வெட்டுப் படத்தைச் சேர்க்க முயன்றவர் எவரும் அக்கருத்து முழு உண்மையன்று என்பதை அறிவர். கல்லைப் படமெடுக்க ஓர் இசைவு வேண்டும். பிறர் எடுத்த படத்தை அச்சிட மற்றோர் இசைவு வேண்டும். காப்பகத்திலுள்ள மைப்படியைப் பார்வையிடவே வேறோர் இசைவு வேண்டும்.

கல்லின்மேல் எவருக்கும் பதிப்புரிமை இல்லை. கல்லின் படியின்மேல்தான் உரிமை தோன்றியது. கல் நிலைத்திருக்கும்வரை இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கல் அழிந்தபின் படியே மூலமாகிவிடுகிறது. அப்பொழுது படியின் உரிமையாளர் கல்வெட்டுக்கே உரிமையாளர் ஆகிவிடுகிறார். இக்கருத்தைப் பெங்களூரை மையமாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்த முன்னோடி ஒருவரின் அச்சுக்கூடம், கல்வெட்டுகளைப் படமெடுத்து நூலாக்கிய முயற்சி, சென்னை அரசின் கல்வெட்டாய்வு அலுவலகம், இன்றைய முப்பரிமாண வருடல் பணி ஆகிய நான்கும் ஏதேனும் ஒரு காலத்தில் இந்நகரில் நிகழ்ந்தமையே இத்தேர்வுக்குக் காரணம்.

சொல்லாட்சி குறித்து ஒன்று கூறுதல் வேண்டும். தமிழில் பதிப்புரிமை, காப்புரிமை என்னும் இரு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கி வருகின்றன. பின்னது புத்தாக்கக் கருவிகளுக்கு வழங்கப்பெறும் உரிமையையும் குறிப்பதால் இங்குப் பதிப்புரிமை என்னும் சொல்லே ஆளப்படுகிறது. இச்சொல்லும் நூலை மனத்திற்கொண்டு பிறந்தது; சிலைக்கும் ஒளிப்படத்திற்கும் சற்றுப் பொருந்தாமல்தான் நிற்கிறது.

டிரைப்பின் தாள்கள்

லின்னியஸ் டிரைப் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த அலுவலர். 1854ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேளூர் முதலிய இடங்களிலுள்ள கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில் 68 படங்களைக் காட்சிப்படுத்திப் பாராட்டுப் பெற்றார். அதே ஆண்டில் பர்மாவுக்குச் சென்ற அரசுத் தூதுக் குழுவுடன் அனுப்பப்பட்டார். அங்கு எடுத்த படங்களுள் 120ஐத் தேர்ந்து, ஐம்பது தொகுதிகளுக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான தாள்களை அச்சிடும் பணியைப் பெங்களூரில் அமர்ந்தே மேற்கொண்டார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டபின் 1857-58இல் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களுக்குச் சென்றார்.

தஞ்சையில் அவர் செய்த பணி கல்வெட்டாய்வாளர் அனைவரும் அறியத்தக்கது. இராசராசேச்சரத்து விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க இயலாமையால், கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஷ் இக்கல்வெட்டுகளைத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கிய 1891ஆம் ஆண்டுக்கு முப்பதாண்டுகளுக்கும் முற்பட்ட முயற்சி இது. எழுத்தைப் படிக்கும் நோக்கில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை ஒளிப்படமாக்கிய தொடக்ககால முயற்சிகளுள் இதற்கு ஈடாக வேறொன்றைச் சுட்டுவது அரிது.

இப்படங்களின் உரிமையாளர் யார்? இன்றைய சட்டத்தை மனத்திற்கொண்டு இவ்வினாவை எழுப்பினால் விடை கிட்டாது. 1858இல் ஒளிப்படத்துக்குப் பதிப்புரிமை வழங்கும் சட்டம் இந்தியாவிலும் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை. இந்தியாவில் அன்று நடப்பிலிருந்த 1847ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் நூல்களைப் பற்றியது. இங்கிலாந்தில் ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் உரிமை தந்த நுண்கலைச் சட்டம் 1862இல்தான் இயற்றப்பட்டது. அச்சட்டம் குடியேற்ற நாடுகளுக்குச் செல்லாது என்று, கனடாவிலிருந்து எழுந்த ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. 1911ஆம் ஆண்டுப் பேரரசுச் சட்டமும் அதனை இந்தியச் சூழலுக்கேற்ப அமைத்த 1914ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தபின்னரே இந்நாட்டில் ஒளிப்படம் சட்டத்தின் முழுப் பாதுகாப்பைப் பெற்றது. எனவே டிரைப் தம் படங்களின்மேல் கொண்டிருந்தது கைத்திறன். அரசு கொண்டிருந்தது எதிர்த்தகடுகளின் உடைமை. சார்லஸ் டிரெவெலியன் ஆளுநராகப் பொறுப்பேற்றபின் இப்பணி அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதப்பட்டு 1859-60இல் நிறுத்தப்பட்டது. உடைமையாளர் வேண்டாமென்றதும் படைத்தவர்க்கு அப்பணியைத் தொடர வழியிருக்கவில்லை. டிரைப்பும் அதன்பின் ஒளிப்படத் துறையில் குறிப்பிடத்தக்க பெரும்பணி எதனையும் செய்யவில்லை.

அவருடைய கைத்திறன் பற்றியும் ஒரு சொல். அக்காலத்துத் தாள் எதிர்ப்படங்களில் வானம் வெறுமையாகவே பதியும். டிரைப் எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரக்கிளைகளின் விளிம்பைத் திருத்தினார். கோபுரம் அடையாளம் தெரியாத தச்சர்களின் படைப்பு. கோபுரத்துக்குப் பின்னுள்ள மேகம் டிரைப்பின் படைப்பு. இன்றைய நீதிமன்றம் ‘குறைந்தபட்சப் படைப்பாக்கம்’ என்று தேடுவது அம்மேகத்தைத்தான்.

படியின் படியும் மூலமே

இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த கிரேவ்ஸ் வழக்கு (1869) நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படங்களை மீண்டும் ஒளிப்படமெடுத்து விற்கும் உரிமை கிரேவ்ஸிடம் இருந்தது. அவற்றைக் களவாகப் படியெடுத்தவர், படியிலிருந்து எடுத்த ஒளிப்படம் ‘மூல ஒளிப்படம்’ ஆகாது என வாதிட்டார். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒளிப்படம் என்பதே ஏதேனும் ஒரு பொருளின் படிதானே. அப்பொருள் மரமாயினும் மனிதராயினும் மற்றொருவர் செதுக்கிய அச்சுப்படமாயினும் வேறுபாடில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு ஏற்படுத்திய கருத்துநிலை நூறாண்டுகளுக்கு மேலாக அருங்காட்சியகங்களுக்கும் காப்பகங்களுக்கும் அரணாக இருந்து வந்தது. பழம்பொருளுக்கு உரிமை இல்லாவிடினும் அதன் படத்துக்கு உரிமை உண்டு. படமெடுக்கும் வாய்ப்பையும் நாமே கட்டுப்படுத்தினால் பழம்பொருளின் உருவம் முழுவதும் நம் கையில் என்பது அவற்றின் நிலைப்பாடு. 1999இல் நியூயார்க் மாவட்ட நீதிமன்றம் பிரிட்ஜ்மேன் வழக்கில் இதனை மறுத்து, உரிமைக்காலம் முடிந்த ஓவியத்தை உள்ளது உள்ளவாறே எடுத்த ஒளிப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையும் காட்சிக் கலைப்பொருள்களைப் பொறுத்தவரை இதே பாதையில் செல்கிறது.

டிக்சனும் ரைசும்

மைசூர் ஆட்சிப்பகுதி பிரித்தானிய ஆணையரின் நிருவாகத்தில் இருந்தபோது, 1865இல் மேஜர் ஹென்றி டிக்சன் அரசுக்காக ஏறத்தாழ 150 கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படமெடுத்தார். பெங்களூரிலேயே பிறந்தவரும் (1837) கல்வித்துறையில் பணியாற்றியவருமான பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் இப்படங்களைப் படித்து மொழிபெயர்க்கும் பணியை ஏற்றார். 1879இல் பெங்களூரில் அச்சான ‘மைசூர்க் கல்வெட்டுகள்’ என்னும் நூலுக்கு முதன்மையான மூலம் டிக்சனின் படங்களே ஆகும்.

கல்லின் முன் நின்று படிப்பதற்கும் அறையில் அமர்ந்து படத்தைப் படிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை இந்நிகழ்வு காட்டுகிறது. எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டி எழுத்தின் பள்ளங்களில் வெண்பொடி நிரப்பிப் படமெடுப்பது கல்வெட்டாய்வில் பழைய வழக்கம். பொடியை நிரப்புபவர் எது எழுத்து, எது வெடிப்பு என்பதைத் தாமே முடிவு செய்கிறார். அவர் பிழைபட்டால் ஒளிப்படமும் பிழைபடும். ஆனால் ஒளிப்படம் கண்கண்ட சான்றாகவே ஏற்கப்படும். படத்தைக் கொண்டு படிக்கும் அறிஞர் உண்மையில் பெயர் அறியாத ஒருவரின் வாசிப்பையே படிக்கிறார். சட்டம் இங்கு மூவரைக் காண்கிறது: பொறித்தவர், படமெடுத்தவர், பதிப்பித்தவர். பொடி நிரப்பியவரை அது காணவில்லை. நூல்களின் நன்றியுரைகளும் பெரும்பாலும் காணவில்லை.

ரைஸ் பின்னர் மைசூர் அரசின் தொல்லியல் துறைக்குப் பொறுப்பேற்று, ஊர்தோறும் கல்வெட்டுகளைத் தேடிப் பதிவு செய்து, ‘எபிகிராபியா கர்நாடிகா’ தொகுதிகளை வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. இம்மாவட்டத்தின் தமிழ்க் கல்வெட்டுகளை அறிய இன்றும் முதலில் நாட வேண்டிய நூல் அதுவே. தொம்லூர்ச் சொக்கநாதர் கோயில், மடிவாளம் சோமேசுவரர் கோயில் ஆகியவற்றின் தமிழ்க் கல்வெட்டுகள் சோழர், போசளர் காலப் பெங்களூர் வட்டாரத்தின் நில உரிமையையும் ஊர்ப்பெயர்களையும் தெரிவிக்கின்றன. மடிவாளத்தின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்றைய பேகூரை வேப்பூர் எனச் சுட்டுகிறது. இன்று மென்பொருள் நிறுவனங்களுக்கும் நெரிசலுக்கும் பெயர்பெற்ற பகுதி அது.

மைப்படியும் அதன் இருப்பிடமும்

ஒளிப்படம் வந்தபின்னும் கல்வெட்டாய்வாளர் மைப்படியைக் கைவிடவில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, ஓரளவு உலர்ந்தபின் மைப்பொதியால் ஒற்றி எடுப்பது மைப்படி. மேட்டில் மை படியும். பள்ளம் வெண்மையாக நிற்கும். கருநிறத் தாளில் வெள்ளெழுத்தாகக் கல்வெட்டு முழு அளவில் கிடைக்கும். ஒளிப்படத்தில் வெளிச்சமும் நிழலும் செய்யும் மயக்கம் இதில் இல்லை. தாள் கல்லைத் தொட்டது என்பதே இதன் நம்பகத்தன்மை.

1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக ஹுல்ட்ஷ் அமர்த்தப்பட்டார். அவ்வலுவலகம் தொடக்கத்தில் பெங்களூரில் இயங்கியது. 1903இல் உதகமண்டலத்துக்கும் 1966இல் மைசூருக்கும் மாற்றப்பட்டது. ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட மைப்படிகளும் அலுவலகத்தோடு இடம்பெயர்ந்தன. தமிழ்நாட்டு ஊர்களின் கோயிற்சுவர்களில் ஒற்றி எடுத்த தாள்கள் இவ்வாறு மலைக்கும் பின் மைசூருக்கும் சென்றதற்குத் தமிழ், கன்னடம் என்னும் மொழிப்பூசல் காரணமன்று. அலுவலக வசதியே காரணம் எனலாம். ஆயினும் அதன் விளைவு தமிழாய்வுக்கு நலம் பயக்கவில்லை. ஆண்டறிக்கையில் ஓரிரு வரிச் சுருக்கமாக மட்டும் வெளிவந்து, முழுப்பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் ஏராளம். அவற்றின் கல் அழிந்திருந்தால் மைசூர்த் தாளே எஞ்சிய சான்று.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூருவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை ஆறு மாதங்களுக்குள் சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. பொதுமக்கள் பார்வையில் இது மொழிப்பெருமை சார்ந்த செய்தியாகப் பேசப்பட்டது. உரிமை வரலாற்றின் பார்வையில் இதற்கு வேறொரு முதன்மை உண்டு. வழக்கு கல்வெட்டுகளைப் பற்றியதன்று. அவற்றின் படிகளைப் பற்றியது. படி எங்கு இருக்கிறது, யார் அதனைத் திறந்து காட்டுகிறார் என்பது நீதிமன்றம்வரை செல்லும் அளவுக்குப் படியே மூலத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. தாள்கள் எவ்வூரில் இருக்கின்றன என்பதைவிட, அவற்றின் ஒளிவருடல்கள் ஆய்வாளர்க்குத் தடையின்றிக் கிடைக்கின்றனவா என்பதே பெரிய வினா என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சென்னைக்கு வந்த தாளும் பூட்டிய பெட்டிக்குள் இருக்குமாயின் மைசூருத் தாளினின்றும் வேறுபட்டதன்று.

நடப்புச் சட்டத்தின் நிலை

இன்று இந்தியாவில் நடப்பிலுள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியம், சிற்பம், வரைபடம், ஒளிப்படம் ஆகியவற்றை ஒரு வகையாகவும், கட்டடக் கலைப்படைப்பை மற்றொரு வகையாகவும், பிற கைவினைக் கலைப்படைப்பை மூன்றாம் வகையாகவும் பகுக்கிறது. இப்பகுப்பு படமெடுப்போர்க்கு மிக இன்றியமையாதது. உரிமை மீறலாகாத செயல்களைக் கூறும் 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடுவதை அனுமதிக்கிறது. பொது இடத்திலோ பொதுமக்கள் செல்லத்தக்க வளாகத்திலோ நிலையாக அமைந்த சிற்பத்தையும் கைவினைக் கலைப்படைப்பையும் படமெடுத்து வெளியிடுவதையும் அனுமதிக்கிறது. ஓவியத்தை அப்பட்டியலில் சேர்க்கவில்லை.

இதன் பொருளைப் பெங்களூருத் தெருவிலேயே காணலாம். அல்சூர் ஏரிக்கருகில் திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டு, 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டு 9இல் திறந்து வைக்கப்பட்டது. அச்சிலையைப் படமெடுத்து நூலில் வெளியிடச் சிற்பியின் இசைவு வேண்டியதில்லை. (மூடிக்கிடந்த ஆண்டுகளிலும் சட்டம் தடையாக இருந்ததில்லை; துணியே தடையாக இருந்தது.) அதே 2009இல் பெங்களூரு மாநகராட்சி சுவரொட்டிகளை ஒழிக்கும் நோக்கில், விளம்பரப் பலகை எழுதிவந்த ஓவியர்களைக் கொண்டு நகரச் சுவர்களில் கோயில்களையும் அருவிகளையும் விலங்குகளையும் தீட்டச் செய்தது. அச்சுவரோவியத்தைத் தனியே படமெடுத்து நூலில் வெளியிடுவது, சட்டத்தின் சொற்களை அப்படியே கொண்டால், மேற்கூறிய விலக்கினுள் அடங்காது. ஆனால் திரைப்படத்தில் காட்டுவதற்கு விதி வேறு: பொது இடத்தில் நிலையாக உள்ள எந்தக் கலைப்படைப்பையும், ஓவியம் உட்பட, திரைப்படத்தில் சேர்க்கலாம். ஒரே சுவர் அசையும் படத்துக்குத் திறந்தும் அசையாப் படத்துக்கு மூடியும் நிற்கிறது. சட்டம் வகுத்தோர் இதனை எண்ணித்தான் செய்தனரா என்பது ஐயத்துக்குரியது.

கல்வெட்டு இப்பகுப்புகளுள் எதில் அடங்கும்? பாடம் இலக்கியப் படைப்பு. எழுத்து வடிவத்தைக் கைவினைக் கலையாகவும் கொள்ளலாம். எவ்வாறு கொண்டாலும் உரிமைக்காலம் இல்லை. எனவே கோயிற்சுவரில் உள்ள கல்வெட்டைப் படமெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை. ‘படமெடுக்கக் கூடாது’ என்னும் கோயிற்பலகை வேறோர் அதிகாரத்திலிருந்து பிறக்கிறது. இடத்தை ஆள்பவரின் அதிகாரம் அது. பாதுகாப்பும் வழிபாட்டு ஒழுங்கும் கருதித் தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு உயர்நீதிமன்றம் 2022இல் ஆணையிட்டதும் இவ்வகையினதே. ஆய்வேடுகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டு, இசைவு மறுக்கப்பட்டதைப் பதிப்புரிமைத் தடை எனக் குறிக்கும் வழக்கம் காணப்படுகிறது. அது பிழை.

படியின் உரிமைக்காலமோ சட்டத்துக்குச் சட்டம் நீண்டு வந்துள்ளது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒளிப்படத்துக்கு எதிர்ப்படம் உருவான நாள்முதல் 50 ஆண்டுகள் தந்தது. எதிர்ப்படத்தின் உடைமையாளரையே ஆசிரியராகக் கருதியது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் படமெடுத்தவரை ஆசிரியராக்கி, வெளியீட்டு நாள்முதல் 50 ஆண்டுகள் என்றது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 60 ஆக்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஒளிப்படக்காரரின் வாழ்நாளோடு அதன்பின் 60 ஆண்டுகள் என்றாயிற்று. அரசின் வெளியீடுகளுக்கு வெளிவந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். அதன்படி ஹுல்ட்ஷ், ரைஸ் ஆகியோரின் தொகுதிகளும் அவற்றிலுள்ள படத்தாள்களும் இன்று எவரும் எடுத்தாளத்தக்கவை. 1986இல் வெளிவந்த ஓர் அரசுத் தொகுதியின் படத்தாளோ 2046 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது, அது பதினோராம் நூற்றாண்டுக் கல்லையே காட்டினாலும்.

மைப்படிக்கு உரிமை உண்டா என்பது நுட்பமான வினா. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் 2007 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு இங்குத் துணைபுரிகிறது. தீர்ப்புரைகளின் மூலவாசகத்தை எவரும் வெளியிடலாம். பதிப்பாசிரியர் தம் அறிவாலும் தேர்வாலும் சேர்த்தவற்றுக்கு மட்டும் உரிமை உண்டு. வெறும் உழைப்பும் செலவும் உரிமையைத் தோற்றுவியா என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. இதனைக் கல்வெட்டுக்குப் பொருத்தினால், கல்லிலிருந்து ஒற்றியெடுத்த தாள் எத்துணைத் திறம் வேண்டியதாயினும் கல்லினின்றும் வேறுபடாமையே அதன் சிறப்பு ஆதலால், அது புதுப்படைப்பு ஆதல் அரிது. காப்பகம் அத்தாளின் உடைமையாளர். ஆனால் அதில் தெரியும் எழுத்துகளின் உரிமையாளர் ஆகார்.

வாசிப்பின் உரிமை

சிதைந்த கல்லை வாசிப்பவர் விடுபட்ட எழுத்துகளை ஊகித்து நிரப்புகிறார். அவ்வூகம் யாருக்குரியது? இவ்வினா சாக்கடல் ஓலைச்சுருள்கள் குறித்து இசுரேலில் எழுந்தது. சுருள்களின் ஒளிப்படங்களைக் காணும் வாய்ப்பு பல பத்தாண்டுகள் ஒரு சிறு அறிஞர் குழுவினரிடமே அடங்கியிருந்தது. 1991 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த படத்தொகுதியை ஆய்வாளர் அனைவர்க்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளியான படத்தொகுப்பு ஒன்று, எலிசா கிம்ரோன் 11 ஆண்டுகள் உழைத்துத் துண்டுகளை இணைத்து உருவாக்கிய ஒரு சுருளின் பாடத்தை அவர் பெயரின்றி வெளியிட்டது. கிம்ரோன் வழக்குத் தொடுத்தார். மீட்டுருவாக்கிய பாடத்தின்மேல் அவருக்குப் பதிப்புரிமை உண்டென இசுரேலின் உச்சநீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது.

அவ்வாண்டு நிகழ்ந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை, இரண்டும் நியாயமானவையே. படத்தைப் பூட்டி வைத்தது அறிவுக்குக் கேடு. உழைத்தவரின் பெயரை மறைத்தது அறிஞர்க்குக் கேடு. எனினும் தீர்ப்பின் ஒரு பகுதி நம் துறைக்கு உடன்பாடாகத் தோன்றவில்லை. கல்வெட்டு வாசிப்பாளர், பொறித்தவர் எழுதியதையே தாம் கண்டறிந்ததாகக் கூறுகிறார். தாம் புதிதாக இயற்றியதாகக் கூறுவதில்லை. உண்மையைக் கண்டறிந்ததாகவும் வேண்டும், அதற்குப் படைப்புரிமையும் வேண்டும் என்பது பொருந்துமா? அவர்க்கு உரியது பெயர்ச்சுட்டு. தமிழகத்தில் பதிப்பாசிரியர்களின் பாடங்களைப் பெயர் சுட்டாது எடுத்தாளும் வழக்கம் பரவலாக இருக்கையில், இதனை வற்புறுத்திக் கூற வேண்டியுள்ளது.

கல் மறைந்தபின்

படி மூலத்தையே மீட்டுத் தந்த நிகழ்வும் உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் படிமங்களையும் முறையாகப் படமெடுத்துக் காப்பகமாக்கி வந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐந்து மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய நடராசர் படிமம், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோனது என்பதை மெய்ப்பித்த முதன்மைச் சான்றுகளுள் ஒன்று அக்காப்பகத்தில் இருந்த 1994ஆம் ஆண்டுப் படம். 2014 செப்டம்பரில் படிமம் இந்தியாவுக்குத் திரும்பியது. வார்த்தவர்க்கோ கோயிலுக்கோ அப்படத்தின்மேல் பதிப்புரிமை இருந்ததில்லை. படமெடுக்காதே என்று அன்று தடுத்திருந்தால் சான்றும் இருந்திராது.

பெங்களூரில் கற்களே பெரிதும் மறைந்துவிட்டன. ரைஸ் பதிவு செய்த கல்வெட்டுகளுள் பல, ஏரிகள் மனைகளானபோதும் சாலைகள் அகன்றபோதும் காணாமற்போயின. சில எதிர்பாராது வெளிப்படுவதும் உண்டு; ஹெப்பாள் பகுதியில் 2018இல் வெளிப்பட்ட, ஏறத்தாழ 750ஆம் ஆண்டைச் சேர்ந்த கிட்டய்யன் நடுகல் அத்தகையது. 1909இல் தொடங்கப்பெற்ற மிதிக் சொசைட்டி 2021 முதல் இவ்வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் வருடிப் பொதுமக்கள் காணும்படி வெளியிட்டு வருகிறது. வருடிய உருவைக் கணினித் திரையில் எப்பக்கமும் திருப்பி, ஒளியைச் சாய்த்துத் தேய்ந்த எழுத்தையும் படிக்க இயலுகிறது. மைப்படியைப் போல இதுவும் கல்லோடு ஒத்திருத்தலையே நோக்கமாகக் கொண்டது. வெண்பொடி இடுபவரின் ஊகம் இதில் நுழைவதில்லை. பதிப்புரிமை கோருவதற்கு உரிய படைப்பாக்கம் இதில் குறைவு. கோராமல் திறந்து வைத்தமையே இதன் பயன்பாட்டைப் பெருக்கியது.

மடிவாளக் கல்வெட்டின் பாடத்தை இன்று படத்துடன் வெளியிட விரும்பும் ஆய்வாளர் ஒருவர் 1905ஆம் ஆண்டுத் தொகுதியை எவரையும் கேளாது எடுத்தாளலாம். கோயிலுக்குச் சென்று தாமே படமெடுக்கக் கோயிலாரின் இசைவு போதும். அப்படத்தின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அவர்க்கும் அவர் வழியினர்க்கும் உரியதாகும். 1247இல் அக்கல்லைப் பொறித்தவரின் பெயரைப் படத்தின்கீழ் இட அவர் விரும்பினாலும், அக்குறிப்பில் இடுவதற்கு அவரிடம் ஊர்ப்பெயரும் ஆண்டுமே உள்ளன.